தொட்டிக்குக் கீழே ஓர் உலகம்: தெரியுமா?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள மீன் தொட்டியை நிரப்பினால் 680 லிட்டர், அதாவது 680 கிலோ! அந்தத் தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பது, அடியில் மறைந்திருக்கும் ‘சம்ப்’ எனும் வடிகட்டிப் பெட்டி. அதை அக்ரிலிக் தகட்டில் வீட்டிலேயே செய்யலாம் என்பது தெரியுமா?

அக்ரிலிக்கின் எடை கண்ணாடியில் பாதிதான். கண்புரை அறுவைக்குப் பின் பல பாட்டிமார்களின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் இதே பொருள்தான்! போர் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைக் கவனித்த மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் லென்ஸைப் பொருத்தினார். 1992இல் தொடங்கிய மதுரை ஆரோலேப் நிறுவனம் அந்த லென்ஸை ஏழைகளுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது.

தகடுகளை எப்படி ஒட்டுவது? பசையே வேண்டாம்! விளம்பரப் பலகை செய்பவர்கள் குளோரோஃபார்மை ஊசியால் விளிம்பில் விடுவார்கள். அது இடுக்குக்குள் தானே ஓடிப் பரவும், இரு தகடுகளின் ஓரத்தையும் கரைக்கும், பிறகு ஆவியாகிவிடும். இரண்டும் ஒரே தகடாகிவிடும்! அறுவைக்கு ஆளை மயக்க ஒரு காலத்தில் பயன்பட்டதும் இதே திரவம்தான். அதனால் காற்றோட்டமான இடம், கையுறை, பொறுமை மூன்றும் கட்டாயம்.

உள்ளே தடுப்புகள் வைத்து அறை பிரிக்கிறோம். முதல் அறையில் அழுக்கு தங்கும். நடு அறையில்தான் அதிசயம்! பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் போட்டால் போதும், அதன் ஒவ்வொரு இழையிலும் பாக்டீரியா குடியேறும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்கும், மற்றொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டு வேலையையும் ஒரே உயிரி செய்வதை 2015இல்தான் உலகம் அறிந்தது. அதைக் கண்டெடுத்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி! இந்தப் பாக்டீரியாக் கூட்டம் பெருகிவர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீன்களைக் கொட்டி நிரப்பிவிடாதீர்கள், பாவம் அவை.

இப்போது நம்ம ஊர் தர்மபுரிக்கு வருவோம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, இந்த உயிரிகள் தண்ணீரின் காரத்தன்மையில் சுமார் ஏழு கிராம் அளவைத் தின்றுவிடும். அது தீர்ந்தால் தண்ணீர் புளித்து, வேலை நின்றுபோகும். தர்மபுரி போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்களில், பெரும்பாலும் இந்தக் காரத்தன்மைக்குக் காரணமான பைகார்பனேட்டும் மிகுந்திருக்கும். பல்லைக் கறையாக்கும் அதே நீர், தாங்கனிக்கா ஏரி சிக்லிட் போல காரநீர் விரும்பும் மீன்களுக்கு ஒத்துப்போகிறது!

2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் நமக்கு வரப்பிரசாதம். ஆனால் அதில் கிருமி நீக்கும் குளோரின், மீனையும் நம் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். திறந்த வாளியில் காற்றுக் குமிழி விட்டு ஒரு நாள் வைத்தோ, தயோசல்பேட் கலந்தோதான் ஊற்ற வேண்டும்.

கரண்ட் போனால்? சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் மோட்டார் நின்றதும் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். இந்த அளவுத் தொட்டியில் ஒரே அங்குலம் இறங்கினாலும் 28 லிட்டர்! சம்பில் அவ்வளவு இடத்தைக் காலியாகவே விட வேண்டும். தொட்டிக்கு நீர் திரும்பும் குழாயில், தொட்டி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை போட்டால், காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். நடு அறை பாக்டீரியாவுக்கு மூச்சு வேண்டுமே? அதற்குத்தான் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று.