செலவுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்?

செலவு என்பது செல்லுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். பழைய இலக்கியங்களில் அது பயணத்தையும் குறித்தது. கையை விட்டுச் செல்வதனாற் பணத்துக்கும் அப்பெயர் பொருந்திற்று. ஆங்கிலத்தில் இப்பொருளில் வழங்கும் எக்ஸ்பென்ஸ், எக்ஸ்பென்டிச்சர் என்னும் இரு சொற்களும், நிறுத்துக் கொடுத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையொன்றின் வழிவந்தவை. பணத்தை எண்ணாது எடைபோட்டுக் கொடுத்த காலத்தின் நினைவு அவற்றில் இன்னும் தங்கியிருக்கிறது.

ஒரு வேரிற் பிறந்தும் வர்த்தகக் கணக்கில் அவை இரண்டும் ஒன்றல்ல. கொஸ்ற் என்பதோ மூன்றாவது. எமது பாடநூல்கள் கொஸ்ற்றைக் கிரயம் என்றும், எக்ஸ்பென்டிச்சரைச் செலவினம் என்றும், எக்ஸ்பென்ஸைச் செலவு என்றும் பிரித்து வழங்குகின்றன. கடைத்தெருவில் மூன்றும் செலவுதான்.

நெல் ஆலைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 100 மூடை நெல் வாங்குகிறார். கொடுத்த விலையும், ஏற்றிக் கொண்டுவந்த கூலியும் சேர்ந்து அந்நெல்லின் கிரயம். ஆண்டு முடிவில் 60 மூடை அரிசியாகி விற்றுப்போயிற்று. 40 மூடை களஞ்சியத்திற் கிடக்கிறது. அந்த 60 மூடையின் கிரயமே அவ்வாண்டின் எக்ஸ்பென்ஸ். மிகுதி இன்னும் அவருடைய சொத்து. டிசெம்பர் மாதக் கூலியை ஜனவரியிலே கொடுத்தாலோ, அது டிசெம்பருக்குரிய எக்ஸ்பென்ஸேயாகும். பயன் எக்காலத்தில் தீர்ந்ததோ அக்காலத்தின் கணக்கிலேயே அது ஏறும்.

இனி, அவர் 12 இலட்சம் ரூபாவுக்கு ஓர் இயந்திரம் வாங்கினால், அது கப்பிற்றல் எக்ஸ்பென்டிச்சர். தமிழில் மூலதனச் செலவினம். இயந்திரம் 10 ஆண்டு உழைத்து, பின்னர் விலைபோகாது ஒழியும் என்று கொண்டால், ஆண்டொன்றுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாவே பெறுமானத் தேய்வாக இலாபத்திற் கழியும். அதற்கு ஊற்றும் எண்ணெயும் மாற்றும் பட்டியும் றெவெனியூ எக்ஸ்பென்டிச்சர் என்னும் வருமானச் செலவினம். அவை அவ்வாண்டிலேயே முழுவதும் கழிக்கப்படும்.

எந்த மூடைக்கு உரியதென்று தனித்துக் காட்டமுடியாத வாடகை, காவற்காரர் சம்பளம் முதலியன ஓவர்ஹெட். இதனை மேந்தலை என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். கேட்பவருக்குப் பொருள் விளங்காத பெயர்ப்பு. பொதுச் செலவு என்றாலே போதும்.

மூலதனச் செலவினத்துக்கும் வருமானச் செலவினத்துக்கும் இடையேயுள்ள எல்லையை அழித்தால் என்ன நேரும் என்பதை ஐக்கிய அமெரிக்கா 2002இல் கண்டது. வேர்ல்ட்கொம் என்னும் பெரிய தொலைபேசி நிறுவனம், பிற நிறுவனங்களின் கம்பித் தொடர்களைப் பயன்படுத்தியதற்காகக் கட்டணம் செலுத்தி வந்தது. ஆலைக்காரரின் எண்ணெயைப் போன்று உடனே தீர்ந்துபோகும் செலவு அது. அந்நிறுவனமோ 2001ஆம் ஆண்டிலும் 2002இன் முதற் காலாண்டிலும் அதில் ஒரு பகுதியை இயந்திரம் வாங்கியதுபோல மூலதனத்தில் எழுதிற்று. ஏறத்தாழ 380 கோடி டொலர் இவ்வாறு இடம் மாறியதாக அவ்வாண்டு ஜூனில் வெளிப்பட்டது. நட்டமாயிருக்க வேண்டிய காலத்துக்கு ஏட்டில் இலாபம் தோன்றிற்று. பங்குதாரர் அதை நம்பினர். உட்கணக்காய்வுப் பிரிவின் தலைவி சிந்தியா கூப்பரும் அவருடைய உதவியாளரும் அப்பதிவுகளுக்கு ஆதாரம் கேட்டபோது எவராலும் காட்ட முடியவில்லை. ஜூலையில் நிறுவனம் முறிவடைந்தது. அதன் பிரதம நிறைவேற்று அதிகாரியாயிருந்த பேர்னார்ட் எபர்ஸ் 2005இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.