மண்ணில் கிடைத்த மருந்தும் அதன் வருமானமும்

பற்றீரியாவின் கலம் நமது கலத்திலிருந்து வெகுதூரம் விலகியது. பங்கசின் கலமோ நமக்கு நெருங்கிய உறவு. எனவே பங்கசைக் கொல்லும் நஞ்சு நோயாளியையும் கொல்லக்கூடும். பெனிசிலின் வந்த பின்னரும் பங்கசு நோய்களுக்குத் தக்க மருந்து இல்லாதிருந்தமைக்கு இதுவே முக்கிய காரணம்.

இந்த இடைவெளியில் வேலை செய்தவர்கள் நியூ யோர்க் மாநில சுகாதாரத் திணைக்களத்தின் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்னும் இரு பெண்கள். ஹேசன் நியூ யோர்க் நகரில், பிரவுண் அல்பனியில், இடையில் தபால். ஹேசன் மண்ணிலிருந்து பற்றீரியாக்களைப் பிரித்து வளர்த்து, நோய் தரும் இரு பங்கசுகளுக்கு எதிரே வைத்துப் பார்ப்பார். பங்கசைத் தடுத்த வளர்ப்பு போத்தலில் அல்பனிக்குப் போகும். பிரவுண் கரைப்பான்களால் செயற்படுபொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். அடுத்தது விலங்குச் சோதனை. பெரும்பாலானவை விலங்குகளையும் கொன்றன.

1948இல் வர்ஜீனியாவில் நூர்ஸ் என்பவரின் பண்ணை மண்ணில் கிடைத்த ஸ்ரெப்ரோமைசீஸ் இனம் தப்பித் தேறியது. அதன் விளைபொருள் 1950இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் மாநிலத்தின் பெயரால் அது நிஸ்ரற்றின் ஆயிற்று.

பிரித்தெடுத்தல் வேறு, இன்னதென்று அறிதல் வேறு. இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து வரும் பெரிய வளைய மூலக்கூறு இது. புறவூதா ஒளியை அது உறிஞ்சும் பாங்கே அதன் கைரேகை. பங்கசின் மென்சவ்வில் எர்கோஸ்டெரோல் உண்டு. நமது மென்சவ்வில் கொலஸ்ட்ரோல். நிஸ்ரற்றின் முன்னதையே இறுகப் பற்றும். சவ்வு ஒழுகிப் பங்கசு மடியும். ஆனால் வேறுபாடு சிறிது. அதனால் நிஸ்ரற்றினை ஊசிவழி ஏற்றுவதில்லை. வாய், தோல், குடல் தொற்றுகளுக்கே கொடுக்கிறார்கள். இக்குடும்பத்தைச் சேர்ந்த ஹமைசினை 1960களின் தொடக்கத்தில் பூனாவுக்கு அருகே பிம்பிரி மண்ணிலிருந்து கண்டெடுத்தவர்கள், இந்திய அரசின் இந்துஸ்தான் அன்ரிபயோற்றிக்ஸ் நிறுவனத்தில் எம். ஜே. திருமலாச்சாரும் குழுவினரும்.

நிஸ்ரற்றின் காப்புரிமை ஈட்டியது ஏறத்தாழ 130 இலட்சம் டொலர். இரு பெண்களும் தமக்கென எதையும் எடுக்கவில்லை. முழுவதும் ஆராய்ச்சிக்கே போயிற்று.

இன்றைய நிலைமை வேறு. 2009இல் முதன்முதலாக விபரிக்கப்பட்ட கன்டிடா ஓரிஸின் சில வகைகள் முக்கிய மருந்து வகுப்புகள் அனைத்தையும் எதிர்த்து நிற்கின்றன. குறுகிய காலமே உட்கொள்ளப்படும் மருந்தில் இலாபம் குறைவென்று பெரும் கம்பனிகள் பல ஒதுங்கிவிட்டன. மண் வற்றிவிடவில்லை. விட்பியிலிருந்து இதே ஏரிக்கரையோரமாகப் போனால் வரும் ஹமில்ரனில், மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தினர் ஒரு வீட்டுக் கொல்லை மண்ணிலிருந்து பற்றீரியாவுக்கு எதிரான லாரியோசிடின் என்னும் புதுப்பொருளை 2025இல் அறிவித்தனர். நிஸ்ரற்றினும் ஹமைசினும் பொதுப்பணத்தில் இயங்கிய ஆய்வுகூடங்களில் பிறந்தவை. அடுத்ததைச் சந்தையிடம் விட்டுவிட்டுக் காத்திருக்கலாமா என்பதே நாம் விவாதிக்க வேண்டியது.