டப்பா ராஜ்மாவின் நீர்: கொட்டுவதா, சேர்ப்பதா?

மார்ச் மாதத்தின் கடைசி இரு வாரங்களில் வங்கியாளர் வீட்டுச் சமையலறைகள் எவ்வாறு இயங்கும் என்பதை வங்கியாளர் குடும்பங்கள் நன்கறியும். ஆண்டிறுதிக் கணக்கு முடிப்புக்காக இரவு ஒன்பதரை மணிக்குக் கிளையிலிருந்து திரும்புகிறவர்களுக்குப் பயற்றை ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஏது பொழுது? குடும்பங்களை ஊரில் விட்டுவிட்டுத் தில்லியில் பணியாற்றும் எங்களுள் நால்வர் ஒரே குடியிருப்பில் தங்கியிருக்கிறோம். மூவர் தமிழர், ஒருவர் ஜலந்தரைச் சேர்ந்தவர். அத்தகைய இரவுகளில் எங்களுக்குக் கைகொடுத்தவை டப்பாவில் அடைத்த ராஜ்மாவும் கொண்டைக்கடலையுமே. வெங்காயம், தக்காளி, இஞ்சி ஆகியவற்றை வதக்கி, டப்பாவைத் திறந்து கவிழ்த்தால் கால் மணி நேரத்தில் சோற்றுக்குக் குழம்பு ஆயத்தம்.

கவிழ்ப்பதில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. டப்பாவிலுள்ள கொழகொழப்பான நீரை எங்களுள் இளையவர் ஓரிரவு கழுவு தொட்டியில் கொட்டப்போனார். பஞ்சாபி நண்பர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ராஜ்மாவின் சுவையே அந்த நீரில்தான் இருக்கிறது என்பதும், தம் தாயார் ஒரு கரண்டி நீரைக்கூட வீணாக்கியதில்லை என்பதும் அவருடைய வாதம். எங்களுள் மூத்தவரும் அவர் பக்கமே சேர்ந்தார். கொள்ளு வேகவைத்த நீரில் ரசம் வைக்கும் வீட்டில் பிறந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? இருவரும் மூத்தவர்கள் ஆகையால் தீர்மானம் நிறைவேறியது. நீர் குழம்பிலேயே சேர்ந்தது. ஓராண்டுக்கும் மேலாக அப்படியே சேர்ந்துகொண்டிருந்தது.

மூத்தவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவர். ஊறுகாயையும் அப்பளத்தையும் கைவிட்டு நெடுநாளாகிறது. திருச்சியிலிருந்து அவருடைய துணைவியார் நாள்தோறும் இரவில் தொலைபேசியில் அழைப்பார். "உப்பு கம்மியாத்தானே போட்டுக்கிறீங்க?" என்பது தவறாமல் வரும் கேள்வி. "நானாப் போடுறதே இல்லை" என்பது தவறாமல் வரும் விடை. அதில் பொய்யில்லை, அவர் உப்பு டப்பாவைத் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. ஆயினும் அரையாண்டுப் பரிசோதனையின்போது அழுத்தம் குறையவில்லை என்று மருத்துவர் கவலை தெரிவித்தார். வீட்டில் என்னென்ன உண்கிறார் என்பதை எழுதிவரச் சொன்னார். அந்தப் பட்டியலை எழுத நால்வரும் அமர்ந்தபோதுதான் டப்பாவின் பின்புறத்தை முதன்முறையாகப் படித்தோம். நாள் முழுவதும் பிறருடைய ஆவணங்களை வரிவரியாகப் படிப்பவர்கள், தாம் உண்ணும் பொருளின் மேலுள்ள நான்கு வரிகளைப் படித்ததில்லை என்பது அன்று எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

எங்கள் அலமாரியில் இருந்த டப்பாவின் நிகர எடை 400 கிராம். 100 கிராமுக்கு 300 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருந்தது. சிறிய எண்ணாகத்தான் தோன்றும். முழு டப்பாவுக்குப் பெருக்கினால் 1,200 மில்லிகிராம். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்; ஆக, அந்த டப்பாவில் இருந்தது 3 கிராம் உப்பு. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகவே, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாகவே கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மற்ற மூவரும் அலுவலகத்தில் தங்கிவிட, மூத்தவர் தனியே ஒரு டப்பாவை முடித்த இரவுகள் பல உண்டு. அத்தகைய இரவுகளில், உப்பைத் தொடாமலேயே அவர் அன்றைய அளவில் ஐந்தில் மூன்று பங்கை ஒரே வேளையில் உண்டு முடித்திருக்கிறார்.

டப்பா நீரைக் கொட்டுவதால் பயன் உண்டா என்னும் கேள்விக்கு அளந்து கண்ட விடை இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வகை டப்பாப் பயறுகளை எடுத்து, வடித்த பின்னும் அலசிய பின்னும் சோடியத்தை அளந்தனர். முடிவுகள் 2011-இல் வெளியாயின. நீரை வடித்தாலே சோடியம் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைகிறது. வடித்தபின் குழாய் நீரில் அலசினால் குறைவு 41 விழுக்காடாகிறது. பெரும்பயன் வடிப்பதிலேயே கிடைத்துவிடுகிறது என்பதையும், அலசுவது அதன்மேல் ஒரு சிறு கூடுதலே என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன. தண்ணீர் வரும் நேரத்தை எண்ணிப் பார்த்து வாழும் தில்லிக் குடியிருப்புகளில் இது கவனிக்கத்தக்க செய்தி. குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட வேண்டியதில்லை. வடிகட்டியில் கொட்டி, ஒன்றிரண்டு நிமிடம் வடியவிட்டு, ஒரு குவளை நீரை மேலே பரவலாக ஊற்றிக் குலுக்கினால் போதுமானது.

எஞ்சிய பங்கு எங்கே போகிறது? மாதக்கணக்கில் உப்பு நீரில் கிடந்த பயற்றுக்குள் உப்பு ஊறிப்போயிருக்கிறது. அதை அலசி எடுக்க இயலாது. எனவே எங்கள் டப்பாவின் 1,200 மில்லிகிராம், வடித்து அலசிய பின் 700 அளவுக்கு வரும். அதன்மேல் குழம்புக்குப் புதிதாக உப்பிட்டால் செய்த வேலை வீண். எலுமிச்சைச் சாறோ ஆம்சூர் பொடியோ சிறிது சேர்த்தால் உப்பின் குறைவு நாவுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. இது பஞ்சாபி நண்பர் பின்னர்க் கற்றுத்தந்த உத்தி.

அப்படியானால் அவருடைய தாயார் செய்தது தவறா? தவறே இல்லை. நாங்கள் குழம்பியது, மூன்று வெவ்வேறு நீர்களை ஒரே நீராக எண்ணியதால்தான்.

முதலாவது, காய்ந்த ராஜ்மாவை இரவு ஊறவைக்கும் நீர். அதைக் கொட்டியே ஆக வேண்டும். பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் நச்சுத்தன்மையுள்ள புரதம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் அது மிகுதி. சரியாக வேகாத நான்கைந்து பயறுகளே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதுமானவை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. உண்ட சில மணி நேரத்திலேயே தொல்லை தொடங்கிவிடும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்கு கொதிக்கவைத்தால் அப்புரதம் அழிந்துவிடுகிறது. 30 நிமிடம் கொதிக்கவைப்பது பாதுகாப்பு என்பது அந்நிர்வாகத்தின் அறிவுரை. நம் வீடுகளில் பிரஷர் குக்கர் இவ்வேலையைக் குறையின்றிச் செய்கிறது. கவனம் தேவைப்படுவது, குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்கலன்களில்தான். பயறு மெத்தென்று ஆகிவிடும். ஆனால் நீர் கொதிநிலையை எட்டாததால் நச்சு அப்படியே இருக்கும். ஊறவைத்த நீரோடு, வயிற்றில் காற்றை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளில் ஒரு பங்கும் வெளியேறிவிடுகிறது என்பது கூடுதல் நன்மை.

இரண்டாவது, புதிதாக ஊற்றி வேகவைத்த நீர். பஞ்சாபி நண்பரின் தாயார் ஒரு கரண்டிகூட வீணாக்காதது இதைத்தான். ராஜ்மாவின் நிறமும் மாவுத்தன்மையும் நீரில் கரையும் சில உயிர்ச்சத்துகளும் இதில் இறங்கியிருக்கும். அதில் உப்பு எவ்வளவு என்பதும் சமைப்பவர் கையிலேயே இருக்கிறது. ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில், ராம்பன் மாவட்டத்துப் பீடா என்னும் சிற்றூரில், ராஜ்மாவும் சோறும் உண்பதற்கென்றே வண்டிகள் நிற்கும். அங்கு தட்டில் ஊற்றும் குழம்பின் அடர்த்தி இந்த நீரிலிருந்து வருவது. நம் கொள்ளு ரசமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

மூன்றாவதுதான் டப்பாவின் நீர். பார்வைக்கு இரண்டாவதைப் போலவே இருக்கும், ஏமாறுவது எளிது. டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில், பயற்றை நீரோடும் உப்போடும் டப்பாவிலிட்டு மூடிய பிறகே, ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்தத்துடன் வேகவைக்கிறார்கள். டப்பா ராஜ்மாவைத் திறந்தவுடனே உண்ணலாம் என்பதும், மேற்சொன்ன நச்சுப் பற்றிய அச்சம் அதில் வேண்டியதில்லை என்பதும் இதனால்தான். மூடிய கலத்தில் சூடேற்றி உணவைக் காக்கும் முறையைக் கண்டறிந்து 1810-இல் பிரெஞ்சு அரசின் 12,000 பிராங்கு பரிசைப் பெற்றவர் நிக்கோலா அப்பேர். அவர் பயன்படுத்தியவை கண்ணாடிக் கலங்கள். உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அப்போது அவருக்கே தெரியாது. ஆக, டப்பாவின் நீரும் பயறு வெந்த நீர்தான். வேறுபாடு, அதிலுள்ள உப்பை அளந்து இட்டவர் நாமல்லர் என்பதே. சில டப்பாக்களில் பயறு குழையாமலிருக்கக் கால்சியம் குளோரைடும் சேர்ப்பதுண்டு. பட்டியலில் 509 என்ற எண்ணால் அது குறிக்கப்படும். அளவோடு அனுமதிக்கப்பட்ட பொருள்தான் அது; அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

டப்பாவின் நீரை எப்போதும் கொட்டத்தான் வேண்டும் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். உப்பு சேர்க்காத டப்பாவாக இருந்தால் அந்நீரைத் தாராளமாகக் குழம்பில் சேர்க்கலாம். உப்புள்ள நீரையே சேர்ப்பதானால், சமையலில் வேறு உப்பு இடாமல் இருந்தால் கணக்கு ஓரளவு நேராகும். கொண்டைக்கடலை டப்பாவின் நீருக்கு இன்னுமொரு பயனை 2014-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தார்: முட்டையின் வெள்ளைக்கருவைப் போல அது நுரைத்துப் பொங்கும். முட்டையில்லாக் கேக்கு வேண்டுவோர் மிகுந்த நம் நாட்டில் அச்செய்தி இன்னும் பரவலாக வேண்டும். தக்காளிச் சாறில் அடைத்த பயற்றை வடிப்பதற்கு ஒன்றுமில்லை, சாறே உணவு. மசாலாவோடு உறையில் வரும் ஆயத்த உணவுகளும் அப்படியே. அத்தகைய உறைகளுக்கான நுட்பத்தை நம் நாட்டில் வளர்த்தது மைசூரிலுள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம். எல்லையில் நிற்கும் வீரனுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அவற்றில் உப்பைக் குறைக்க வழியில்லை. வாங்கும்போதே சோடியத்தைப் பார்ப்பதுதான் ஒரே வழி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியமும் கணக்கில் வரும் என்பதால், அவர்கள் எதையும் தம் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் தொழில் பழக்கத்தால் இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. திரவத்தில் அடைத்த உணவுக்கு நிகர எடையோடு வடித்த எடையையும் குறிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் டப்பாவில் நிகர எடை 400 கிராம்; வடித்த எடை 240 கிராம். கொட்டுவதற்கு அஞ்சிய நீருக்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறோம்! காய்ந்த ராஜ்மா வெந்தபின் இரண்டு முதல் இரண்டரை மடங்கு எடை கூடும். எனவே ஒரு டப்பாவில் இருப்பது, கடையில் அள்ளிப் போடும் ராஜ்மாவில் 100 கிராமை ஒட்டிய அளவே. அதன் விலையையும் டப்பாவின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் வாங்குவது பயற்றையன்று, நேரத்தை என்பது விளங்கும். மார்ச் மாதத்தில் நேரத்துக்கு அந்த விலை தகும், ஏப்ரலில் தகாது.

டப்பா பற்றிய சிறு எச்சரிக்கை ஒன்று. உப்பிய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கவும் கூடாது. உள்ளே கொடிய நுண்ணுயிரி வளர்ந்திருக்கக்கூடும். திறந்த பின் எஞ்சியதை டப்பாவிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

மூத்தவரின் இரத்த அழுத்தம் இப்போது கட்டுக்குள் வந்திருக்கிறது. மருத்துவர் மருந்தையும் மாற்றினார். மூத்தவர் மாலையில் நடக்கவும் தொடங்கினார். ஆகவே முழுப் பெருமையையும் வடிகட்டியின் கணக்கில் வரவு வைக்க நாங்கள் துணியவில்லை. பஞ்சாபி நண்பர் ஜம்முவிலுள்ள தம் தமக்கை வீட்டிலிருந்து பதர்வா ராஜ்மா கொண்டுவருகிறார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சிறுமணி ராஜ்மா அது. சனிக்கிழமை இரவில் ஊறவைத்து, ஞாயிறு காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, வெந்த நீரை அவர் விருப்பப்படியே குழம்பில் சேர்க்கிறோம். டப்பாக்கள் மேல் தட்டுக்குப் போய்விட்டன. அடுத்த ஆண்டிறுதிக்கு இரண்டு மட்டும் இருக்கின்றன.

திருச்சியிலிருந்து அழைப்பு இன்றும் அதே நேரத்துக்கு வருகிறது. கேள்வியும் மாறவில்லை. மூத்தவரின் விடைதான் மாறியிருக்கிறது. "இன்னிக்கு ராத்திரி முந்நூற்றைம்பது மில்லிகிராம்" என்று அவர் சொல்ல, "அது என்ன கணக்கு, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்று மறுமுனையில் எழும் குரல் எங்கள் மூவர் காதிலும் விழுகிறது.