மோட்டார்த் தொழிலும் மஞ்சள் கடுதாசியும்

அரிசி விலை ஏறினாலும் இறங்கினாலும் வீட்டில் உலை வைத்துத்தான் ஆகவேண்டும். மோட்டார் வண்டியின் விஷயம் அப்படியன்று. “பழைய வண்டியையே இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிக்கொள்வோம்” என்று ஒரு குடும்பம் தீர்மானித்துவிட்டால் அதைத் தடுப்பார் யாருமில்லை. லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே சமயத்தில் இவ்விதம் தீர்மானித்தால் என்ன ஆகும்? 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதுதான் நேர்ந்தது.

அந்நாட்டில் பெரும்பாலோர் கடன் வாங்கியே மோட்டார் வாங்குகிறார்கள். மாதத் தவணையாக அதைத் தீர்க்கிறார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய பாங்கு முறிந்தது. உடனே மற்றப் பாங்குகளும் கையை இறுக மூடிக்கொண்டன. வண்டி வாங்க நினைத்தவனுக்குக் கடன் கிடைக்கவில்லை. கடன் கிடைக்கக்கூடியவனுக்கோ நாளைக்கு உத்தியோகம் நிலைக்குமா என்ற பயம். பெட்ரோல் விலை ஏற்றத்தினால் பெரிய வண்டிகள் அதற்கு முன்பே விலைபோகாமல் நின்றன. 2007-ல் சுமார் 1 கோடியே 60 லட்சம் வண்டிகள் விற்ற தேசத்தில் 2009-ல் சுமார் 1 கோடியே 4 லட்சமே விற்றன.

விற்பனை குறைந்தால் செலவும் குறையத்தானே வேண்டும் என்று கேட்கலாம். மோட்டார்த் தொழிலில் அது நடவாத காரியம். வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் தொழிற்சாலைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். 1908-ல் தோன்றிய ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு, ஓய்வு பெற்ற லட்சக்கணக்கான தொழிலாளர்களின் உபகாரச் சம்பளம், வைத்தியச் செலவு ஆகிய பாரமும் இருந்தது.

2008 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர், போர்டு ஆகிய மூன்று கம்பெனிகளின் தலைவர்களும் வாஷிங்டனுக்கு உதவி கேட்கச் சென்றார்கள். எப்படிச் சென்றார்கள்? ஒவ்வொருவரும் தத்தம் கம்பெனியின் ஆகாய விமானத்தில்! பிச்சைக்கு வந்தவர் பல்லக்கில் வந்ததுபோல் இருந்த இக்காட்சியைச் சட்டசபை அங்கத்தினர்கள் பரிகசித்தார்கள். டிசம்பரில் மூவரும் மோட்டாரிலேயே வந்து சேர்ந்தார்கள். ஆயினும் உதவி மசோதா செனட் சபையில் தோற்றது. பிறகு ஜனாதிபதி புஷ், பாங்குகளைக் காப்பாற்றுவதற்கென ஒதுக்கியிருந்த நிதியிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் 1,740 கோடி டாலர் கடன் தர ஏற்பாடு செய்தார்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். போர்டு கம்பெனி 2006-லேயே தன் பெயர்ச் சின்னத்தைக்கூட அடகு வைத்துப் பெருங்கடன் வாங்கியிருந்தது. ஆகையால் அந்த நிதி அதற்குத் தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் அதன் தலைவர் ஆலன் முலாலி, போட்டிக் கம்பெனிகளுக்கு உதவ வேண்டும் என்று பரிந்து பேசினார். காரணம், உதிரிச் சாமான்கள் செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலைகள் மூன்று கம்பெனிகளுக்கும் பொதுவானவை. ஜெனரல் மோட்டார்ஸ் விழுந்தால் அவையும் விழும். அவை விழுந்தால் போர்டும் வண்டி செய்ய முடியாது.

சர்க்கார் பணம் நிபந்தனையின்றி வரவில்லை. 2009 மார்ச்சில் ஜனாதிபதி ஒபாமா கம்பெனிகளின் திட்டங்களை நிராகரித்தார். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வாகனர் விலக நேர்ந்தது. ஏப்ரல் 30-ல் கிரைஸ்லரும், ஜூன் 1-ல் ஜெனரல் மோட்டார்ஸும் மஞ்சள் கடுதாசி கொடுத்தன. ஜூலை 10-ல் புதிய ஜெனரல் மோட்டார்ஸ் தோன்றியபோது அதில் சுமார் 60 சதவிகிதம் அமெரிக்க சர்க்காருக்குச் சொந்தம். பான்டியாக், சாட்டர்ன் என்ற பெயர்கள் மறைந்தன. பழைய பங்குதாரர்கள் பணத்தை இழந்தார்கள். புதிதாகச் சேர்ந்த தொழிலாளிக்குப் பழைய தொழிலாளியின் கூலியில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது.

வாங்குவோரையும் சர்க்கார் மறக்கவில்லை. 2009 கோடையில், பழைய வண்டியைக் கொடுத்து எண்ணெய்ச் செலவு குறைந்த புதியதை வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் சலுகை அளித்தார்கள். ஏறக்குறைய 6 லட்சத்து 80 ஆயிரம் வண்டிகள் இவ்விதம் விற்றன. பழைய வண்டிகள் மீண்டும் ஓடாதபடி என்ஜினில் ரசாயனக் கரைசலை ஊற்றிக் கெடுத்தார்கள். ஜெர்மனியிலும் ஒன்பது வயது கடந்த வண்டிக்கு 2,500 யூரோ கொடுத்தார்கள். ஆனால் இந்த விற்பனையில் பெரும்பகுதி, சில மாதம் கழித்து வாங்க இருந்தவர்கள் முன்கூட்டியே வாங்கியதுதான் என்று பொருளாதார அறிஞர் பலர் எடுத்துக்காட்டினார்கள்.

முடிவில் கணக்கு என்ன? ஜெனரல் மோட்டார்ஸில் போட்ட சுமார் 4,950 கோடி டாலரில் 1,000 கோடிக்கு மேல் திரும்பவில்லை. 2013 டிசம்பரில் சர்க்கார் கடைசிப் பங்கையும் விற்று விலகிற்று. கம்பெனி பிழைத்தது, பல லட்சம் பேருடைய பிழைப்பும் நிலைத்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், அத்தொழிலால் வளர்ந்த டெட்ராய்ட் நகரசபை திவாலாயிற்று. அந்த நகருக்கு அத்தகைய உதவி கிட்டவில்லை.

வரி கொடுத்தவன் பணத்தில் கம்பெனியைக் காப்பாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்நாட்களில் அது விழுந்திருந்தால் நஷ்டம் இன்னும் பன்மடங்கு ஆகியிருக்கும். ஆனால் முதலாளியின் லாபம் அவனுக்கே உரியது என்றும், நஷ்டம் மட்டும் ஊருக்குப் பொது என்றும் ஏற்பட்டுவிடக் கூடாது. எந்த நாட்டிலும் சர்க்கார் இவ்விதம் கை கொடுக்கும்போது, நிபந்தனை என்ன, அதன் பாரத்தைச் சுமப்பவர் யார் என்று ஜனங்கள் கேட்பது அவசியம்.