பொன்னேரியின் நீர்ப்பரப்பும் படத்துக்குள் இருக்கும் எண்களும்

முதலாம் இராசேந்திர சோழன் தன் கங்கைப் படையெடுப்பின் வெற்றிச் சின்னமாக வெட்டுவித்ததும், திருவாலங்காட்டுச் செப்பேடுகள் நீராலான வெற்றித்தூண் என்று போற்றுவதுமான சோழகங்கம், இன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே பொன்னேரி என்ற பெயரால் வழங்குகிறது. அந்த ஏரியில் எந்தப் பருவத்தில் எவ்வளவு பரப்பில் நீர் நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, ஓப்பன்சிவி போன்ற இலவச மென்பொருள் நூலகத்தின் துணையால், ஒரு கல்லூரி மாணவரே கணக்கிட்டுவிட முடியும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எண்களை எந்த இடத்திலிருந்து, எந்த வகையாக எடுத்துப் படிக்க வேண்டும் என்பதில் தெளிவு இல்லையெனில் கணக்கு தவறிப்போவதோடு, தவறியது தெரியாமலும் போகும்.

ஓப்பன்சிவி, 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட நூலகம். அதைப் பொறுத்தவரை படம் என்பது ஓர் அணி, அதாவது நிரைகளும் நிரல்களுமாக அடுக்கப்பட்ட எண்களின் தொகுப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் போதும்; வண்ணப் படத்தில் நீலம், பச்சை, சிவப்பு என மூன்று எண்கள் வேண்டும், அவை ஒவ்வொன்றையும் சேனல் என்பர். நீலம் முதலில் வருவது இந்நூலகத்தின் பழைய வழக்கம். சிவப்பை முதலில் எதிர்பார்க்கும் வேறு மென்பொருளிடம் அதே படத்தை அப்படியே கொடுத்தால் செம்மண் நிலம் நீலமாகத் தோன்றும்.

இந்த எண்கள் நினைவகத்தில் ஒரே நெடு வரிசையாக, ஒரு புள்ளியின் மூன்று எண்களும் அடுத்தடுத்து இருக்குமாறு வைக்கப்படுகின்றன. ஒரு நிரையில் 4000 புள்ளிகள் உள்ள வண்ணப் படத்தில், எண்ணுக்கு ஒரு பைட் வீதம், நிரை ஒன்றுக்கு 12,000 பைட்டுகள் ஆகும். எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குவதால், 100ஆம் நிரை, 50ஆம் நிரலில் உள்ள புள்ளியின் நீலம் 12,00,150ஆம் பைட்டிலும், பச்சையும் சிவப்பும் அதற்கடுத்த இரண்டிலும் இருக்கும். சி++ மொழியில் அந்தப் புள்ளியைக் கேட்கும்போது, மூன்று பைட்டுகளின் தொகுப்பு என்பதைக் குறிக்கும் 'வெக்3பி' என்ற வகையைச் சொல்ல வேண்டும். மாறாக ஒற்றை பைட் என்று சொல்லிவிட்டால், புரோகிராம் 12,00,050ஆம் பைட்டை, அதாவது 16ஆம் நிரலில் உள்ள புள்ளியின் சிவப்பை எடுத்துக் கொடுத்துவிடும். சோதனை நிலையில் தொகுக்கப்பட்ட புரோகிராமில் உள்ள சோதனைகளும் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதில்லை; வேகத்துக்காகத் தொகுக்கப்பட்டதில் அந்தச் சோதனைகளே கிடையாது. பைத்தானில் வகையைச் சொல்லத் தேவையில்லை. நிரை, நிரல், சேனல் என்ற வரிசையில் மூன்று எண்களைக் கொடுத்தால் போதும். இரு மொழிகளிலும் நிரையே முதலில் வரும் என்பதால், வரைபடப் பழக்கத்தில் கிடைத்தூரத்தை முதலில் எழுதுவோர் இங்கே தவறிவிடுகின்றனர்.

பொன்னேரிக்கு வேண்டியவை வேறு சேனல்கள். 2015இல் முதலாவது செலுத்தப்பட்ட சென்டினல்-2 வரிசைச் செயற்கைக்கோள்கள் 13 அலைப்பட்டைகளில் நிலத்தைப் பதிவு செய்கின்றன. அவற்றுள் பச்சைக்குரிய 3ஆம் பட்டையிலும், கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக்குரிய 8ஆம் பட்டையிலும் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர் சதுரத்தைக் குறிப்பதால், 100 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். நீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடும், பயிரின் இலைகளோ அதை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். எனவே பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், நீருக்குப் பெரும்பாலும் நேர்மதிப்பும் பயிருக்கு எதிர்மதிப்பும் கிடைக்கும். 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் முன்வைத்த நீர்க்குறியீடு இதுவே.

ஒரு வயற்புள்ளியில் பச்சை 700, அகச்சிவப்பு 2800 என்று கொள்வோம். விடை -0.6 ஆக வேண்டும். ஆனால் இப்பட்டைகள் எதிர்மதிப்பை ஏற்காத 16 பிட் எண்களாகச் சேமிக்கப்படுவதால், பைத்தானில் அப்படியே கழித்தால் -2100க்குப் பதிலாக 63,436 வருகிறது. அதை 3500ஆல் வகுக்கக் கிடைக்கும் 18.12 நேர்மதிப்பு ஆதலால், நெல் விளையும் நிலம் ஏரியாக எண்ணப்பட்டுவிடும். ஏரிக்கரையை ஒட்டிய பாசன வயல்கள் எல்லாமே இப்படிச் சேர்ந்துவிட்டால், ஒரு பழம்பெரும் ஏரியைப் பற்றிய மதிப்பீட்டில் அது சிறு குறை அன்று. கழிப்பதற்கு முன் இரு சேனல்களையும் தசம எண் வகைக்கு மாற்றிக்கொள்வதே முறை. முழுப் படத்தையும் கணக்கிடத் தொடங்குமுன், ஏரியின் நடுவில் ஒரு புள்ளியையும் நன்கு தெரிந்த வயல் ஒன்றில் ஒரு புள்ளியையும் எடுத்து, சேனல்தோறும் உள்ள எண்களை நேரில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்வதும் அதே அளவுக்கு இன்றியமையாதது.