பாடத்தில் இல்லாததைக் கற்றுத் தந்தவர்

மாணவர் மனத்தில் காலத்துக்கும் நிற்கும் ஆசிரியர் எப்படி உருவாகிறார்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையில் அதற்கு விடை இருக்கிறது.

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் அப்போதுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை.

அந்த நூலை ஐயர் தம் ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கவில்லை. ஆனாலும் 1887இல் சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்துத் தந்தவர் அதே மாணவர்தான். பாடம் கேட்காத நூல்களுக்குள் துணிந்து இறங்கும் வலிமை அவருக்கு எங்கிருந்து வந்தது?

1871இல் மாயூரத்தில் பிள்ளையிடம் சேர்ந்த ஐயர், 1876இல் ஆசிரியர் மறையும் வரை அவரை விட்டுப் பிரிய மனமில்லாமல் இருந்தார். பாடம் நடக்க மணிக்கணக்கு கிடையாது. பிள்ளை தலபுராணச் செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். ஒரு செய்யுள் எப்படிப் பிறக்கிறது, எதுகை எப்படி வந்து அமைகிறது, வேண்டாத சொல் எப்படி விலகுகிறது என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அது. முடிந்துபோன அறிவை எடுத்து நீட்டாமல், உழைத்துக்கொண்டிருக்கும் அறிவைக் கண்முன் காட்டினார் பிள்ளை. ஏட்டோடு பழகும் கையும், ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் பொறுமையும், இலக்கணத்தில் பிசகாத காதும் ஐயருக்கு அப்படித்தான் வாய்த்தன. பின்னாளில் சிதைந்த சுவடிகளின் முன் உட்கார்ந்தபோது துணைக்கு வந்தவை இவையே.

பிள்ளையே ஓயாமல் கற்றவர். இளமையில், தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் திருச்சியில் வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறார் என்று தெரிந்ததும், அவர் பின்னாலேயே நடந்து, பணிவிடை செய்து பாடம் கேட்டார். கல்விக்காக யார் பின்னாலும் நடக்கத் தயங்காதவர், தம்மைத் தேடி வந்தவர்களில் யாரையும் தள்ளவில்லை. கிறிஸ்தவரான சவரிராயலு நாயக்கரும், இஸ்லாமியரான நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவருடைய மாணவர்களே. சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். கடன்பட்ட காலத்திலும் மாணவர்களுக்குச் சோறு போட்டார்.

அந்த அன்பு அவரோடு முடிந்துவிடவில்லை. அவருடைய மூத்த மாணவர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்கு ஐயரைப் பரிந்துரைத்து அமர்த்தினார். நன்றி மறவாத ஐயர், பின்னாளில் சென்னையில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயர் வைத்தார். ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், 1933, 1934 ஆண்டுகளில் அவர் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார்.

இன்றைய வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் இருக்கலாம்; பாடத்திட்டமும் தேர்வும் நெருக்கலாம். ஆனாலும் பிள்ளை செய்தவற்றில் பெரும்பகுதி இன்றும் செய்யக்கூடியதே. ஒரு கணக்கின் விடையை எழுதிப் போடாமல், அதை யோசிக்கும் விதத்தை உரக்கச் சொல்லலாம். தெரியாத கேள்வி வந்தால் மழுப்பாமல், பிள்ளைகளோடு சேர்ந்து நூலகத்தில் தேடலாம். எந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளையானாலும் முன் வரிசைக்கு அழைக்கலாம். பசியோடு வந்தவனை முதலில் சாப்பிட வைக்கலாம்.

தேர்வு முடிந்ததும் பாடம் மறந்து போகும். கற்கும் பழக்கம் மறக்காது. தாமே கற்றுக்கொண்டிருக்கும் ஆசிரியர்தான் அதைத் தர முடியும். பிள்ளைகள் மனத்தில் நிலைக்க விரும்பும் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றே: தாம் கற்பதை நிறுத்தக் கூடாது, கற்பதை மாணவர் கண்ணுக்கு மறைக்கவும் கூடாது.