சுவரில் சான்றிதழ் இருந்தால் போதுமா? தொழிற்சாலைப் பராமரிப்பும் கணக்காய்வும்

எமது நாட்டின் பல தொழிற்சாலைகளில் வரவேற்பறைச் சுவரில் மூன்று சான்றிதழ்கள் தொங்குவதைக் காணலாம். ஐ.எஸ்.ஓ. 9001 தர முகாமைத்துவத்துக்குரியது. 14001 சுற்றாடலுக்குரியது. 2018இல் வெளியான 45001 தொழிலாளரின் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் உரியது. இவற்றைப் பெறவும் தக்கவைக்கவும் கணக்காய்வு அவசியம். இத்தகைய கணக்காய்வுகளில் பல வருடங்களாக ஈடுபட்டு வருபவன் என்ற வகையில் சொல்கிறேன்: ஒரு தொழிற்சாலையின் உண்மை நிலையை அறிய விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பராமரிப்புப் பிரிவைத்தான்.

உற்பத்திப் பிரிவில் இயந்திரங்கள் மூடிகளோடும் காவலோடும் ஓடுகின்றன. அந்த மூடியைக் கழற்றிக் கைவைப்பவர் பராமரிப்பு ஊழியர். இரவிலும் விடுமுறை நாளிலும், "சீக்கிரம் முடியுங்கள்" என்ற அவசரத்துக்கு நடுவிலும் அவர் வேலை செய்கிறார். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு மெக்கானிக்காகவும் எலக்ட்ரீஷியனாகவும் சேரும் எமது பிள்ளைகள் பலர் நிற்கும் இடமும் அதுதான்.

கணக்காய்வாளர் மூன்று சான்றிதழ்களுக்கும் மூன்று கோவைகளைத் தனித்தனியே புரட்டுவதைவிட, ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்வது பயன் தரும். உதாரணமாக, எயார் கொம்ப்ரசர் ஒன்றின் சர்வீஸை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தரம். குறித்த திகதியில் சர்வீஸ் நடந்ததா? அமுக்கமானி அளவுத்திருத்தம் செய்யப்பட்டதா? காற்றோடு வரும் ஈரமும் எண்ணெயும் பொருளைப் பழுதாக்காமல் வடிகட்டிகள் மாற்றப்பட்டனவா?

இரண்டாவது, சுற்றாடல். கழற்றிய பழைய எண்ணெய் எங்கே போனது? தாங்கியிலிருந்து வடியும் எண்ணெய் கலந்த நீர் கானுக்குள் விடப்படுகிறதா? எண்ணெய் துடைத்த துணி சாதாரணக் குப்பையோடு சேர்கிறதா? காற்றுக் கசிவு இருந்தால் மின்சாரமும் வீணாகிறது.

மூன்றாவது, பாதுகாப்பு. வேலை தொடங்குமுன் பிரதான ஆளி நிறுத்தப்பட்டுப் பூட்டுப் போடப்பட்டதா? அந்தப் பூட்டின் சாவி வேலை செய்பவரின் பையில் இருந்ததா? தாங்கியில் எஞ்சிய அமுக்கம் வெளியேற்றப்பட்டதா?

ஒரே ஜொப் கார்ட்டில் இந்த மூன்றுக்கும் விடை கிடைக்க வேண்டும்.

இது வெறும் கடதாசி வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டலாம். 1988 ஜூலை 6ஆம் திகதி வடகடலில் பைப்பர் அல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்துத் தீப்பற்றியது. 167 பேர் உயிரிழந்தனர். அன்று பகல், ஒரு பம்புக்குரிய பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. மாலைக்குள் வேலை முடியவில்லை. வால்வு இல்லை என்ற தகவல் இரவு ஷிப்ட்காரரைச் சென்றடையவும் இல்லை. மற்றைய பம்ப் நின்றுபோனதும் அவர்கள் இந்தப் பம்பை இயக்க முற்பட்டார்கள். வாயு கசிந்து வெடித்தது. அங்கே வேலை அனுமதிப்பத்திர முறை இருக்கத்தான் செய்தது. அது எழுதியபடி பின்பற்றப்படவில்லை என்பதையும், கண்காணிப்பும் கணக்காய்வும் அந்தக் குறையை வெளிக்கொணரவில்லை என்பதையும் கலன் பிரபு தலைமையிலான விசாரணை 1990இல் எடுத்துக்காட்டியது.

ஆகவே நல்ல கணக்காய்வாளர் முகாமையாளர் எடுத்துத் தரும் கோவையோடு திருப்திப்படுவதில்லை. இயந்திரத்தின் அருகே சென்று, அதன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய பதிவுகளைக் கேட்பார். பன்னிரண்டு மாதப் பதிவிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் மேலும் விசாரிப்பார். ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று, முடியாத வேலை எப்படிக் கையளிக்கப்படுகிறது என்று பார்ப்பார். வெளி ஒப்பந்தகாரரின் ஆட்களுக்கும் அதே பூட்டும் அதே விளக்கமும் கிடைக்கின்றனவா என்று கேட்பார். தாமதமான வேலைகளின் பட்டியலைக் கேட்டு, அவற்றில் பாதுகாப்பு வால்வு, தீயணைப்புப் பம்ப் போன்றவை உள்ளனவா என்று தேடுவார்.

குறை கண்ட பின்னர் வரும் பதிலும் முக்கியமானது. "ஊழியரின் கவனயீனம், அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதி முடித்துவிடுவது எமது நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஏன் பூட்டுப் போடவில்லை என்று கேட்டால், ஆறு பேருக்கு இரண்டு பூட்டுகள்தான் உண்டு என்ற உண்மை வெளிவரலாம். அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் ஊழியரைக் கண்டிப்பதால் அடுத்த விபத்து தடுக்கப்படாது.

இந்தச் சான்றிதழ்கள் நிறுவனங்கள் விரும்பிப் பெறுபவை. ஆனால் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. சான்றிதழ் இல்லாத சிறிய அரிசி ஆலைக்கும் தச்சுப் பட்டறைக்கும்கூட பாதுகாப்புக் கடமை உண்டு.

தொழிற்சாலை உரிமையாளர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: கணக்காய்வாளர் வரும் வாரத்தில் மாத்திரம் சுவருக்கு வர்ணம் பூசாதீர்கள். உங்கள் பராமரிப்பு ஊழியர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பூட்டு வாங்கிக் கொடுங்கள். ஊழியர்களும், பூட்டுப் போடாமல் இயந்திரத்தில் கைவைக்கச் சொன்னால் மறுக்கப் பழக வேண்டும். அந்த மறுப்பை மதிக்கும் தொழிற்சாலையே சுவரிலுள்ள சான்றிதழுக்குத் தகுதியானது.